பயமும் தீர்ப்பும்: ‘ஸைலண்ட் ஹில் 2’ குறித்துச் சில எண்ணங்கள்

பயமுறுத்துவது பெரிய காரியமல்ல. இருட்டில் ஒரு கதவு தானாக அடித்துச் சாத்திக்கொண்டால் போதும், உடம்பு பயந்துவிடும். மார்பு படபடக்கும், கை நடுங்கும், ஒரு நிமிஷம் கழித்து எல்லாம் சமனப்பட்டுவிடும். இந்தப் பயத்துக்கு விமர்சனம் தேவையில்லை. பயப்படுகிறவன் எதைக் கண்டு பயப்படுகிறான், அது உருவானதில் அவனுடைய பங்கு எவ்வளவு என்று கேட்கத் தொடங்கும் இடத்தில்தான் பயம் ஒரு தார்மீக விஷயமாகிறது. அந்த இடத்துக்கு என்னைக் கொண்டுபோய் மிகுந்த சங்கடத்தோடு நிறுத்திய ஒரு படைப்பைப் பற்றி இங்கு எழுதுகிறேன். அது ஒரு வீடியோ விளையாட்டு.

இந்தப் பக்கங்களில் கவிதையும் விமர்சனமும் தேடி வருகிறவர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். வீடியோ விளையாட்டு குறித்து நம் சூழலில் இரண்டே விதமான பேச்சுக்கள்தாம் காதில் விழுகின்றன. பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்பது ஒன்று; அந்தத் தொழிலில் எத்தனை கோடி புரள்கிறது என்பது மற்றொன்று. விளையாட்டுக்குள் என்ன இருக்கிறது என்ற அக்கறை இரண்டிலும் கிடையாது. நாவலும் சினிமாவும் ஆரம்ப காலத்தில் இதே அலட்சியத்தைச் சந்தித்தவைதாம். ஒரு வடிவம் கலையா இல்லையா என்று வாசலிலேயே நின்று வழக்காடிக்கொண்டிருப்பதைவிட, அந்த வடிவத்தில் வந்த தரமான ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் பலம் எங்கே, பலவீனம் எங்கே என்று பார்ப்பது உபயோகமான வேலை.

ஜப்பானின் கொனாமி நிறுவனத்தில் ‘டீம் ஸைலண்ட்’ என்ற குழு உருவாக்கி, 2001ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸைலண்ட் ஹில் 2’ அப்படித் தரமானது. 2024 அக்டோபரில் போலந்து நாட்டின் ‘ப்ளூபர் டீம்’ அதை அடியோடு புதிதாகச் செய்து வெளியிட்டது. இரண்டையும் ஆடிப் பார்த்திருக்கிறேன். இதை ‘ஸர்வைவல் ஹாரர்’ என்ற வகையில் சேர்ப்பார்கள். 1996இல் கேப்காம் நிறுவனத்தின் ‘ரெஸிடெண்ட் ஈவில்’ வந்தபோது பரவலான பெயர் அது. அந்த வகையின் இலக்கணத்தைப் பஞ்சத்தின் இலக்கணம் என்று சொல்லலாம். துப்பாக்கி இருக்கும், குண்டு போதாது. மருந்து இருக்கும், இரண்டு காயத்துக்குத்தான் வரும். ‘ரெஸிடெண்ட் ஈவி’லில் ஆட்டத்தைப் பதிவுசெய்து வைக்கவே தட்டச்சு இயந்திரத்துக்கு மை நாடா வேண்டும், அதுவும் எண்ணித்தான் கிடைக்கும். மற்ற விளையாட்டுக்கள் ஆடுபவனுக்குப் பலத்தைக் கொடுத்துக்கொண்டே போகும். இந்த வகை அதைப் பறித்துக்கொண்டே இருக்கும். எதிர்த்து நிற்பதா, ஓடுவதா, இருக்கிற ஒரு மருந்தை இப்போது செலவழிப்பதா என்று ஒவ்வொரு அறையிலும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. தட்டுப்பாட்டில் மனிதன் எப்படி நடந்துகொள்கிறான் என்பது பழைய தார்மீகக் கேள்வி. இந்த வகை அதைக் கைக்கும் கண்ணுக்குமான கேள்வியாக மாற்றியிருக்கிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவையும் சேர்த்தே சொல்கிறேன், அதை மறைத்துக்கொண்டு இதைப் பற்றிப் பேச முடியாது. ஜேம்ஸ் ஸண்டர்லாண்ட் என்பவனுக்கு இறந்துபோன மனைவி மேரியிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. நாம் சேர்ந்திருந்த அந்த விசேஷமான இடத்தில் உனக்காகக் காத்திருக்கிறேன் என்கிறது கடிதம். அவள் மூன்று வருஷங்களுக்கு முன் நோயில் இறந்தாள் என்று அவன் சொல்லிக்கொள்கிறான். ஸைலண்ட் ஹில் என்ற ஏரிக்கரை ஊருக்கு வருகிறான். ஊரில் பனிமூட்டம், ஆளற்ற தெருக்கள், மனித வடிவம் குலைந்த உருவங்கள். அவற்றுள் ஒன்று கூம்புபோன்ற இரும்புத் தலையும் பெரிய கத்தியுமாக அவனைத் தொடர்ந்து வருகிறது. மேரியின் முகச்சாயலோடு மரியா என்ற வேறொருத்தி எதிர்ப்படுகிறாள். அவன் கண்ணெதிரே திரும்பத் திரும்பச் சாகிறாள். கடைசியில் ஏரிக்கரை ஹோட்டலில் 312ஆம் எண் அறையில் ஒரு வீடியோ நாடாவைப் போட்டுப் பார்க்கிறான். நோயில் கிடந்த மனைவியின் முகத்தில் தலையணையை வைத்து அழுத்திக் கொன்றவன் அவனேதான்.

இதன் பலங்களில் முதலாவது, இது தன் ஊனத்தை உருவமாக்கிக்கொண்ட விதம். 1999இல் வந்த முதல் ‘ஸைலண்ட் ஹில்’லில் பனிமூட்டம் ஒரு நிர்ப்பந்தம். அன்றைய பிளேஸ்டேஷன் இயந்திரத்துக்கு ஒரு முழு ஊரையும் தூரம்வரை வரைந்து காட்டும் சக்தி இல்லை. இல்லாததைப் பனியால் மூடினார்கள். இரண்டாவது விளையாட்டு வந்த இயந்திரம் அதைவிட வலியது. ஆனாலும் பனியை விடவில்லை, ஏனென்றால் அதற்கு இப்போது ஓர் அர்த்தம் கிடைத்துவிட்டது. எதையோ பார்க்க மறுக்கிற ஒருவனுடைய மனத்துக்குள் நாம் நடந்துகொண்டிருக்கிறோம். அவன் சட்டைப் பையில் உள்ள ரேடியோ, உருவங்கள் நெருங்கும்போது இரைகிறது. கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் முன்னால் நடக்க வேண்டியிருக்கிறது. சண்டை போடுவதில் ஜேம்ஸ் படு மந்தம். ஆணி அடித்த கட்டையை அவன் ஓங்குவதற்குள் அடி விழுந்துவிடும். இதைக் குறையென்று சொன்னவர்கள் உண்டு. சண்டை ஒரு சாமர்த்தியமாக, ரசிக்கத்தக்கதாக இருந்திருந்தால் இந்தக் கதை பொய்யாகியிருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

இரண்டாவது பலம் இன்னும் ஆழமானது. இந்தக் கட்டுரைக்குக் காரணமும் அதுதான். இந்த விளையாட்டுக்குப் பல முடிவுகள் உண்டு. முக்கியமானவை மூன்று. ஒன்றில், லாரா என்ற சிறுமியோடு ஜேம்ஸ் ஊரைவிட்டு வெளியேறுகிறான். இன்னொன்றில் ஏரித்தண்ணீரில் தன்னை மாய்த்துக்கொள்கிறான். மூன்றாவதில் மரியாவைக் கூட்டிக்கொண்டு போகிறான். எது நமக்கு வாய்க்கும் என்று விளையாட்டு எங்கேயும் கேட்பதில்லை. இது வேண்டுமா, அது வேண்டுமா என்று ஒரு பட்டியலை நீட்டுவதில்லை. நாம் கவனிக்காமல் செய்த சின்னச் சின்னக் காரியங்களைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறது. காயம்பட்டதும் மருந்து போட்டுக்கொண்டோமா, இல்லை ரத்தம் சிந்தச் சிந்த நடந்துகொண்டிருந்தோமா? மேரியின் புகைப்படத்தையும் கடிதத்தையும் எடுத்துப் பார்த்தோமா? ஏஞ்சலா என்ற பெண் தற்கொலை எண்ணத்தோடு வைத்திருந்த கத்தி நம் கைக்கு வந்த பிறகு அதை எடுத்து எடுத்துப் பார்த்தோமா? மரியாவுக்குப் பக்கத்திலேயே நின்றோமா? தன் உயிரைப் பேணாதவனைத் தண்ணீருக்கு அனுப்புகிறது. பேணியவனை, மனைவியின் நினைவை மறக்காதவனை வாழ அனுமதிக்கிறது.

முதல் தடவை ஆடியபோது எனக்கு வாய்த்தது தண்ணீர். ஏன் என்று அப்போது விளங்கவில்லை. பிறகு காரணம் தெரிந்தபோது ஏற்பட்ட உணர்வை எந்த நாவலும் எனக்குக் கொடுத்ததில்லை. நாவலில் நான் இன்னொருவனுடைய செயலைப் பார்க்கிறேன். அவனை மன்னிக்கலாம், வெறுக்கலாம், புத்தகத்தை மூடிவைக்கலாம். இங்கு என் பழக்கங்கள் படிக்கப்பட்டிருக்கின்றன. வாசகன் படைப்பைப் படிக்கிறான் என்ற ஏற்பாடு தலைகீழாகி, படைப்பு வாசகனைப் படித்துத் தீர்ப்பு எழுதிவிட்டது. இதை வெறும் டெக்னிக் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. மனிதனைத் தீர்மானிப்பது எது, அவன் ஒரே ஒரு தடவை செய்த பெரிய செயலா, தினமும் தன்னையறியாமல் செய்கிற சிறு செயல்களின் தொகையா? சட்டம் முதலாவதைப் பார்க்கிறது. இந்த விளையாட்டு ஜேம்ஸின் கொலையை மாற்ற முடியாத ஒன்றாக வைத்துவிட்டு, இரண்டாவதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. கொன்றவன் கொன்றவன்தான், ஆனால் கொன்ற பிறகு அவன் எப்படி நடந்தான் என்பதில் அவனுடைய எதிர்காலம் இருக்கிறது. குற்றத்தைப் பற்றி இதைவிட நியாயமாக யோசித்த படைப்புக்கள் அதிகமில்லை.

ஆனால் இங்கேயே முதல் பலவீனமும் தொடங்குகிறது. நான் வங்கியில் குமாஸ்தா. பற்றும் வரவும் பார்ப்பது என் பிழைப்பு. கணக்கு எங்கே எழுதப்படுகிறது என்று ஒருவனுக்குத் தெரிந்துவிட்டால், அதற்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்ள அவனுக்கு அதிக நேரம் பிடிக்காது. நம் சித்திரகுப்தன் கதையின் சூட்சுமமே அவனுடைய ஏட்டை உயிரோடிருக்கும் யாரும் பார்க்க முடியாது என்பதில் இருக்கிறது. காஞ்சீபுரத்தில் அவனுக்குக் கோயில் கட்டிக் கும்பிட்டாலும் ஏட்டைப் புரட்டிப் பார்க்க வழியில்லை. ‘ஸைலண்ட் ஹில் 2’இன் ஏடு வெளியாகி இருபது வருஷங்களுக்கு மேலாகிறது. எந்தக் காரியம் எந்த முடிவுக்குப் போய்ச் சேரும் என்று விவரமான பட்டியல்கள் இருக்கின்றன. நல்ல முடிவு வேண்டுகிறவன் புகைப்படத்தைப் பத்துத் தடவை எடுத்துப் பார்த்துவிட்டால் தீர்ந்தது. அவன் பார்த்தது அன்பினாலா, மதிப்பெண்ணுக்காகவா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. செயலை எண்ண முடியும், செயலுக்குப் பின்னால் உள்ள மனத்தை எண்ண முடியாது என்ற பழைய சிக்கல் இங்கும் தீரவில்லை. படைப்பைக் கறாராகக் குறை சொல்ல இது போதாது. அறியாதவனாக ஒரே ஒரு முறைதான் இதை ஆட முடியும் என்று மட்டும் சொல்லலாம். அந்த ஒரு முறை உண்மையானது.

என்னை உறுத்துவது இரண்டாவது பலவீனம். மேரி நோயாளியாகக் கிடந்த காலம் இந்த விளையாட்டில் இல்லை. அந்த வீட்டில் மருந்து வாடை இல்லை, படுக்கைத் துணி மாற்றுவது இல்லை, இரவு இரண்டு மணிக்கு எழுப்பும் முனகல் இல்லை. கொலை இருக்கிறது, அதன் குற்ற உணர்வு மகத்தான படிமங்களாக ஊர் முழுவதும் விரிந்து கிடக்கிறது. எந்த உழைப்பைத் தாங்க முடியாமல் கொலை நடந்ததோ, அந்த உழைப்பு மட்டும் காணோம்.

புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ இங்கு நினைவுக்கு வராமல் போகாது. அங்கும் தீராத நோயில் மனைவி, பக்கத்தில் கணவன், உறவென்று யாருமில்லாத பட்டணம். அந்தக் கதை செல்லம்மாளின் சாவிலேயே தொடங்கிவிடுகிறது. இதற்கு மேல் வெளியிட ரகசியம் எதுவும் பாக்கியில்லை. பிறகு கதை முழுவதும் பிரமநாயகம் பிள்ளை என்ன செய்தார் என்பதுதான். அவர் செய்கிறார், அவ்வளவுதான். அவருடைய மனத்தில் என்ன இருந்தது, சோகமா விடுதலையா என்று நாம் திணறுகிறோம். ‘ஸைலண்ட் ஹில் 2’ சாவை ரகசியமாக்கிக் கடைசி அறையில் பூட்டி வைக்கிறது. அதனால் கேள்வியே ‘யார் கொன்றது’ என்று துப்பறியும் கதையின் கேள்வியாகக் குறுகிவிடும் ஆபத்து வருகிறது. பிள்ளையின் கதையில் கேட்கப்படுவது அதைவிடக் கடினமானது: அன்பு செய்துகொண்டே ஒருவன் களைத்துப்போக முடியுமா?

இது ஏதோ ஜப்பானியக் கற்பனை ஊரின் பிரச்சினை அல்ல. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்கள் சிலவற்றில் படுக்கையில் விழுந்த முதியவர்களை எண்ணெய் முழுக்காட்டிச் சாவுக்கு அனுப்பும் ‘தலைக்கூத்தல்’ என்ற வழக்கம் இருந்து வந்திருக்கிறது. அதை வைத்து எடுக்கப்பட்ட ‘பாரம்’ என்ற படம் 2018ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. பாரம் என்ற அந்தச் சொல்லே யோசிக்க வைக்கிறது. யாருக்குப் பாரம், யார் சுமந்தது? மறுபக்கத்தில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் நர்ஸாக இருந்த அருணா ஷான்பாக். 1973இல் தாக்கப்பட்டு நினைவிழந்த அவரை, அதே மருத்துவமனையின் நர்ஸுகள் 2015இல் அவர் இறக்கும்வரை நாற்பத்திரண்டு வருஷம் கவனித்துக்கொண்டார்கள். 2011இல் அவருடைய வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், குறிப்பிட்ட நிபந்தனைகளோடு சிகிச்சையை நிறுத்திச் சாக விடுவதை முதல் முறையாக அனுமதித்தது. ஆனால் அருணாவுக்கு அதை மறுத்துவிட்டது. அவரைப் பராமரித்தவர்கள் அவர் வாழ வேண்டும் என்றார்கள். நீதிமன்றம் அவர்களுடைய சொல்லுக்கு மதிப்புக் கொடுத்தது. உழைத்தவருக்கே பேசும் உரிமை என்ற அந்தத் தீர்ப்பின் உள்ளுணர்வு சரியானதென்று நினைக்கிறேன்.

நவம்பர் மாதத்தில் ஓய்வூதியக்காரர்கள் உயிரோடு இருப்பதற்கு லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். எழுந்து வர முடியாதவர்களை வங்கிக்காரர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது உண்டு. வானூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அப்படிச் சில வீடுகளுக்குப் போயிருக்கிறேன். நடு வீட்டில் கயிற்றுக் கட்டில், அதன் கீழ் பிளாஸ்டிக் பேசின். விரலைப் பிடித்து ரேகைக் கருவியில் வைப்பவர் பெரும்பாலும் ஒரு பெண்தான்: மனைவி, மருமகள், கல்யாணமாகாத மகள். ஜேம்ஸைப் போலக் களைத்து, குற்ற உணர்வில் ஊர் ஊராக அலைய அவர்களுக்கு நேரம் கிடையாது. பேசினைக் கழுவி வைக்க வேண்டும். என் தாயார் கடைசிப் பதினான்கு மாதங்கள் படுக்கையில் இருந்தார். இது முடிந்துவிடக் கூடாதா என்ற எண்ணம் அந்த வீட்டில் இருந்த எல்லோருக்கும் வந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்படி எண்ணியதைக் குற்றமென்று நான் கருதவில்லை. எண்ணிய பிறகும் எழுந்துபோய்க் கஞ்சி காய்ச்சினோம். எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவில் உள்ள அந்தத் தூரத்தை ஒவ்வொரு நாளும் நடந்து கடப்பதுதான் பராமரிப்பு என்பது.

இந்தத் தூரத்தை ‘ஸைலண்ட் ஹில் 2’ காட்டவில்லை. அதன் பனிமூட்டம் இங்குதான் எனக்குப் போதாமல் போகிறது. எங்கள் கடற்கரையில் மரக்காணம் உப்பளங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கோடை வெயிலில் பாத்தி பாத்தியாக வெள்ளை எரிந்துகொண்டிருக்கும். ஒதுங்க நிழல் இல்லை, கண்ணை மூடினாலும் வெளிச்சம் உள்ளே வரும். அதில் நின்றுகொண்டுதான் உப்பை வாரியாக வேண்டும், நாளைக்கும் வார வேண்டும். நோயாளி கிடக்கும் அறை அந்த வெளிச்சத்தைச் சேர்ந்தது. அங்கு எதுவும் மறைந்திருப்பதில்லை. பயங்கரம் எல்லாம் தெரிந்திருப்பதில் இருக்கிறது.

ஒரு விளையாட்டால் இதைச் செய்ய முடியாது என்று வாதிப்பார்கள். செய்த உதாரணம் இருக்கிறது. 2016இல் வந்த ‘தட் டிராகன், கேன்ஸர்’ என்ற விளையாட்டை, ரயன் கிரீன், ஏமி கிரீன் என்ற அமெரிக்கத் தம்பதியர் புற்றுநோயில் இறந்த தங்கள் குழந்தை ஜோயலை வைத்து உருவாக்கினார்கள். அதில் ஒரு மருத்துவமனை இரவு வருகிறது. குழந்தை அழுதுகொண்டே இருக்கிறது. தகப்பன் எதைச் செய்தாலும் அழுகை நிற்பதில்லை. நாம் அழுத்துகிற எந்தப் பொத்தானுக்கும் பலன் இல்லை, ஆனாலும் அழுத்திக்கொண்டிருக்கிறோம். கலை நேர்த்தியில் அதை ‘ஸைலண்ட் ஹில் 2’க்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன். ஆனால் திரும்பத் திரும்பச் செய்வது என்பதே வீடியோ விளையாட்டின் இயல்பான மொழி. அந்த மொழியில் பராமரிப்பைச் சொல்ல முடியும் என்பதற்கு அந்த ஓர் இரவே சாட்சி. ‘ஸைலண்ட் ஹில் 2’ அதே மொழியை அடித்துக் கொல்வதற்கு மட்டும் செலவிட்டது. புதிய பதிப்பில் இந்தச் செலவு இன்னும் கூடியிருக்கிறது. முகங்கள் நுட்பமாகியிருக்கின்றன, ஏஞ்சலாவின் கண்களில் இப்போது உண்மையாகவே பயம் தெரிகிறது. ஆனால் சண்டைகள் பெருகி, அலைச்சல் நீண்டு, பழையதன் இறுக்கம் தளர்ந்திருக்கிறது.

நியாயமாகப் பேச வேண்டுமானால் ஓர் இடத்தைச் சொல்லியாக வேண்டும். முடிவுக்குச் சற்று முன்னால் ஜேம்ஸ் ஒரு நீண்ட இருண்ட நடைவழியில் போகிறான். உருவங்கள் எதுவும் வருவதில்லை. மேரியின் குரல் மட்டும் கேட்கிறது. அவன் பூ வாங்கி வந்திருக்கிறான் போலும். வேண்டாம், போய்விடு என்று சீறுகிறாள். தன் உடம்பு எவ்வளவு அருவருப்பாகிவிட்டது என்கிறாள். செத்துப்போனால் தேவலை என்கிறாள். பிறகு குரல் உடைந்து, போகாதே, என்னோடு இரு என்று கெஞ்சுகிறாள். மேரி நோயாளியாக நம் முன் வருகிற முக்கியமான இடம் இது. ஆட்டத்தைப் பொறுத்தவரை செய்வதற்கு ஒன்றுமில்லை. நடைவழியின் கோடியில் கதவு இருக்கிறது, ஓடிப் போய்த் திறந்துவிடலாம். ஓடாமல் நின்று அவள் பேசி முடிக்கும்வரை கேட்டோமா என்பதும் நமக்குத் தெரியாமல் அந்த ஏட்டில் ஏறுகிறது.

ஜேம்ஸ் பின்னால் சொல்கிற காரணங்கள் இரண்டு. அவள் படும் துன்பத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்பான். உடனே அது பொய், அவளை வெறுத்தேன், என் வாழ்க்கை எனக்குத் திரும்ப வேண்டியிருந்தது என்பான். இரண்டில் எது உண்மை என்று விளையாட்டு தீர்ப்பளிக்காதது அதன் பெருமை. இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்று நோயாளியைக் கவனித்த எவருக்கும் தெரியும். என்னைக் கேட்டால், அந்த நடைவழிதான் இந்தப் படைப்பு எட்டிய உச்சம். இரும்புத் தலையும் பெரிய கத்தியும் அதற்குப் பக்கத்தில் வெறும் சாமான்கள். குற்றவாளியின் மனத்தை ஒரு முழு ஊராகக் கட்டியவர்கள் நோயாளிக்கு ஒரு நடைவழியைத்தான் ஒதுக்கினார்கள் என்பது அவர்களுடைய குறை. அந்த நடைவழியில் அவள் பேசுவதை முழுக்க நின்று கேட்பதை ஒரு செயலாக, மருந்து போடுவதற்கும் கத்தியைப் பார்ப்பதற்கும் சமமான செயலாக எண்ணினார்கள் என்பது அவர்களுடைய நிறை. கேட்பதால் அவள் பிழைக்கப்போவதில்லை. கேட்காமல் கதவை நோக்கி ஓடுகிறவனைத் தடுப்பாரும் இல்லை.